ஏழாவது நிரையை நேராக்காதே

அன்பு மகள் சர்மிளாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம், நீயும் மருமகன் லோஜனும் அந்த லண்டன் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். வாடிக்கையாக எழுதுகிற வரிதான், இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் நினைத்து எழுதுகிறேன். நாம் ஆறு குடும்பம் வரிசையாகக் குடியிருந்த லயம் மண்ணுக்குள் போனதையும் நாங்கள் பொகவந்தலாவையில் உன் சித்தி நாகலெட்சுமி வீட்டில் இருப்பதையும் அம்மா போனில் சொல்லிவிட்டாள். மண் சரிவதற்கு இரண்டு நாள் முன்பே எப்படி வெளியே வந்தீர்கள் என்று நீ கேட்டபோது, நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். இதோடு பார்சலில் இருக்கிற போர்வையை முதலில் விரித்து வைத்துக்கொள், பிறகு படி.

நீ போகிற தையல் வகுப்பில் கட்டடங்களையும் மரம் செடிகளையும் துணியில் வெட்டிப் போர்வையாகத் தைக்கிறார்கள் என்று வீடியோ அனுப்பி, வீட்டில் கிடக்கிற பழைய துணியைக் கேட்டாய் அல்லவா, துணியை அனுப்பினால் நம் லயத்தை நீ எங்கே ஒழுங்காகத் தைக்கப்போகிறாய் என்று நானே இறங்கிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு ஊசி அகப்படுவேனா என்றது. பக்கத்து வீட்டுக் காம்பரா பேச்சியம்மா, "அண்ணே, எனக்கும் ஒரு ஜாக்கெட்டு தச்சுத் தாங்க" என்று தினமும் கிண்டல். நான் விடவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கோயில் படியில் உட்கார்ந்து நம் மலையைப் பிஸ்கட் பெட்டி அட்டையில் வரைந்தேன். லயத்துக் கூரை, ஆறு கதவு, தேயிலை அரைக்கிற ஸ்டோர்ப் புகைபோக்கி எல்லாம் நேர்கோடு, அதற்கு மேலே தேயிலை நிரைகள். பச்சை எல்லாம் அம்மாவின் புடவை, கூரை என் காக்கிக் கால்சட்டை. லயத்தின் வெள்ளைச் சுவர் உன் பள்ளிக்கூடக் கவுன். அதை வெட்டத்தான் கை வரவில்லை, நீ மை கொட்டிய கறைகூட மூன்றாம் கதவுக்குக் கீழே இருக்கிறது பார். சின்ன வயதில் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, "மலைக்குத் தலை வாரி விட்டிருக்காங்கப்பா" என்று நீ சொல்வாய். ஒவ்வொரு நிரையைத் தைக்கும்போதும் அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

அந்த நேரத்தில்தான் அதிகாரிகள் வந்து, மேல் மலை ஆபத்து, லயத்தை விடுங்கள் என்றார்கள். நான்தான் முதல் ஆளாக மறுத்தேன், என்னைப் பார்த்து மற்ற ஐந்து குடும்பமும் மறுத்தது. நீ போனில் கெஞ்சினாய். அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு மலையைச் சொல்லித்தர வேண்டாம் என்று கத்திவிட்டேன், நீ அழுதுகொண்டே போனை வைத்தாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் பிடிவாதம் போகவில்லை.

பிறகு போர்வையில் ஏழாவது நிரை சரியாக வரவில்லை, நடுவில் தொய்ந்தது. அந்த நிரையோரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் நான் கயிறு பிடித்து வெட்டியது, கோணலாக இருக்க வழியே இல்லை. தையலைப் பிரித்துவிட்டுக் கோயில் படிக்குப் போய் மறுபடி வரைந்தேன், மறுபடி தொய்வு. "கண்ணாடி வாங்குங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்று அம்மா திட்டினாள். மூன்றாவது தடவை அவளையும் கூட்டிப்போனேன். அந்த நிரையில் இருபது வருஷம் கொழுந்து எடுத்தவள் இல்லையா, அட்டையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க கண்ணு கோணல் இல்லீங்க. மலைதான் எறங்கியிருக்கு" என்றாள்.

ஏறிப் போய்ச் செடிகளை விலக்கிப் பார்த்தோம். அடியில் நிலம் ஒரு முழ அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. நான் வெட்டிய கான் பாதியில் அறுந்து தொங்கியது. என் பேச்சை நம்பி இருந்துவிட்ட ஐந்து குடும்பமும்தான் நினைவுக்கு வந்தது மகளே. லயத்துக்கு இறங்கி வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, நான் சொன்னது பிழை, கிளம்புங்கள் என்றேன். அன்று பொழுது சாய்வதற்குள் ஆறு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். மூன்றாம் நாள் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் புகைபோக்கி நிற்கிறது, லயம் இல்லை. பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். நீ பிறந்த இடம் அது.

மீதியை இங்கே வந்து தைத்து முடித்தேன். சுவரில் மாட்டுகிற பொருள், அந்த நிரையை மட்டும் நேராக்குங்கள் என்று சித்தி சொன்னாள். உன் வகுப்பு டீச்சரும் சொல்லலாம், யார் சொன்னாலும் பிரிக்காதே. நீ சொன்னதுதான் சரி, அப்பா சொன்னது பிழை. அதை எழுதி வைத்தது போல அந்தக் கோணல் இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. மருமகனிடம் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய். போர்வையில் மற்ற ஐந்து கதவையும் நாலு பக்கமும் மூடித் தைத்துவிட்டேன், நம் நாலாம் காம்பராக் கதவை ஒரு பக்கம் மட்டும்தான் தைத்திருக்கிறேன், அது திறக்கும். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் துணிதான். இருந்தாலும் ஒரு தடவை திறந்து பார் மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லசாமி