விருப்பப்பட்டு விலகியவர்கள்

மச்சான்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

உன் கல்லூரியில் யாரும் பாதியில் நிற்பதில்லை, எல்லோரும் பட்டம் வாங்குகிறார்கள் என்று நாளை ஆய்வுக் குழுவிடம் மார்தட்டப் போகிறாய். தேறமாட்டான் என்று தோன்றியவனையெல்லாம் இறுதியாண்டுக்கு முன்பே, ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று எழுத வைத்துக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டால், மிச்சமிருப்பவர்கள் தேறாமல் என்ன செய்வார்கள்?

என் மகனையும் அப்படித்தான் அனுப்பினாய். “மாமா, இன்னும் ஒரே ஒரு தடவை எழுதிப் பாக்கறேனே” என்று கெஞ்சினான். “வீட்டுலதான்டா மாமா, இங்க பிரின்சிபல்” என்றாய். அன்றிலிருந்து உன் அக்கா அவன் அறை வாசலில்தான் சாப்பாட்டை வைத்துவிட்டு வருகிறாள்.

விருப்பப்பட்டு விலகியவன் விருப்பப்பட்டால் திரும்பச் சேரலாம் என்பதும் உன் கல்லூரி விதிதான். அங்கே பாடம் நடத்திய எனக்கு அது தெரியாதா? நீ விலக்கிய பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். குழு வருகிறதென்று நீ சுவருக்கு வெள்ளையடிக்க வைத்துக்கொண்டிருந்த வாரத்தில் எல்லோரும் அலுவலகத்தில் முறைப்படி சேர்ந்துவிட்டார்கள்.

நாளை குழுவோடு நீ வகுப்புக்குள் நுழைந்ததும் எழுந்து நிற்பார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் புதிதாக ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, “இத்தனை நாள் எங்கப்பா போயிருந்தீங்க?” என்று குழுவினர் கேட்காமலா இருப்பார்கள்?

முதல் பெஞ்சில் இருப்பவன் பதில் சொல்வான். உன்னை மாமா என்று கூப்பிடமாட்டான், பயப்படாதே. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இப்போது சட்டைக்கு இஸ்திரி போடுகிறான்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்