கிளிப் உடைந்த கேபிள்

இன்று காலை மேசை இழுப்பறையைத் துழாவியபோது கிளிப் உடைந்த நீல நெட்வொர்க் கேபிள் ஒன்று கையில் சிக்கியது. உன்னுடையதுதான். நாம் செய்த எந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைச் சோதித்தாலும், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடுக்கென்று கேபிளைப் பிடுங்குவாயே, அதில் உடைந்த கிளிப்.

நம் சின்னக் கம்பெனிக்கு அப்போது இருந்தது ஒரே ஆர்டர், ராஜபாளையத்து நூற்பாலை ஒன்று. மிஷின்களின் நிலவரத்தை ஆபீசுக்கு அனுப்பும் நம் பெட்டி, கரண்ட் போய் வந்தால் செத்துக் கிடந்தது. "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருங்கம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆர்டர் போனால் நீ வத்திராயிருப்பையும் நான் ஸ்ரீவில்லிபுத்தூரையும் விட்டு வேலை தேடிச் சென்னைக்குக் கிளம்ப வேண்டியதுதான். இருவருக்கும் அதில் துளியும் இஷ்டமில்லை.

மில் ஆபீசிலேயே உட்கார்ந்து பெட்டியை நெட்வொர்க்கோடு இணைக்கும் டிரைவர் புரோகிராமைத் திறந்தோம். கரண்ட் வந்ததும் நம் பெட்டி முந்திக்கொண்டு எழும். கேபிளின் மறுமுனையில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஆற அமரத்தான் எழும். அதனால் இணையும் முதல் முயற்சி தோற்கும். தோற்றால் பரவாயில்லை. ஆனால் அதுவரை பெட்டியிடம் கேட்டு வாங்கிப் பிடித்துவைத்த மெமரி, இன்டரப்ட் லைன் எதையும் திருப்பி விடாமலே டிரைவர் வெளியேறிவிடும். மறுபடி முயன்றால், எல்லாம் ஏற்கெனவே யார் கையிலோ இருப்பதாகப் பதில் வரும்.

"ஏட்டி, விசேஷம் நின்னு போச்சுன்னா வாங்குன அண்டாவத் திருப்பிக் குடுக்க வேண்டாமா? வீட்டுலயே வச்சுக்கிட்டு மறுபடி போயி அண்டா கேக்கு பாரு! எந்தக் கிறுக்கி எழுதுனா இத?" என்றாய்.

"நீதான்" என்றேன்.

ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய். பிறகு கடைசியாகப் பிடித்ததை முதலில் விட்டு, அப்படியே பின்னோக்கி ஒவ்வொன்றாக விடும்படி திருத்தினாய். எலக்ட்ரீசியன் அண்ணாச்சி மெயினை இறக்கி ஏற்றினார். சிவப்பு விளக்கு வந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். சற்று நேரத்தில் பச்சை எரிந்தது. மேனேஜர் டீ சொல்லி அனுப்பினார்.

இப்போதும் எந்த டிரைவர் வந்தாலும் அது தோற்கும் இடங்களைத்தான் முதலில் படிக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள், "நல்லாத்தான ஓடுது மேடம்" என்பார்கள். நான் கேபிளைப் பிடுங்குவேன். அப்போதெல்லாம் உன் நினைப்பு வரும், சந்தோஷமாகவே வரும்.

கடைசி மாதங்களில், நோயில் படுத்த படுக்கையான பிறகும் நீ மாறவில்லை. ஆபீஸ் சாவி, என் குடை, டிபன் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாய். "எதுவும் எங்கிட்ட தங்கிறக் கூடாதுட்டி" என்றாய்.

கேபிளை இழுப்பறையில் வைக்க மனம் வரவில்லை. என் பையில் போட்டுக்கொண்டேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எனக்கும் தெரியும். இந்த அண்டா மட்டும் என்னிடமே இருக்கட்டும், ஏட்டி.