எட்டு மாதம் என்று சொன்னது யார்?

கச்சிராயபாளையம்
12.01.2025

அன்புள்ள சுபஸ்ரீ அப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். சுபஸ்ரீக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் உங்கள் முகம்தான். ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு ஆர்டர் வந்ததால் பகலெல்லாம் கரும்புக் கொல்லையில் நிற்கிறேன். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

விவாகரத்து மனு வந்தது. நான் என் அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. பிரிவதைத் தடுக்க மாட்டேன். ஆனால், 'மனைவிக்கு மனச்சிதைவு நோய், குழந்தையை அவளிடம் விட முடியாது' என்ற வரிக்கு ஒப்ப மாட்டேன். ஏழு வருடத்துக்கு முன், பிரசவமான பத்தாம் நாள் எனக்குக் குரல்கள் கேட்டது உண்மை. குழந்தையை யாரையும் தொட விடாததும் உண்மை. மருந்தில் மூன்றே வாரத்தில் சரியானது. அதற்குப் பிறகு உங்கள் உரக்கடையை ஐந்து வருடம் தினமும் திறந்தது யார்?

அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

செவ்வந்தி

நைனார்பாளையம்
20.01.2025

அன்பு செவ்வந்திக்கு,

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பிரசவத்தின்போது உன்னைப் பார்த்த சேலத்து டாக்டர் எழுதியதை நாம் மாற்ற முடியுமா? "சட்டத்துலயே அந்த நோயோட பேரு இருக்குதுங்க, கேஸ் சுளுவா முடிஞ்சிடும்" என்கிறார் வக்கீல். ஒரு பெயர்தானே. ஒத்துக்கொண்டு நிம்மதியாக இரு.

தீனதயாளன்

கச்சிராயபாளையம்
10.02.2025

தீனதயாளனுக்கு,

ஒரு பெயர்தானே என்கிறீர்கள். அந்தப் பெயரால் என் கோபம் நோயானது, அழுகையும் நோயானது. சும்மா உட்கார்ந்திருந்தால்கூட, "இன்னாடி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்பார் உங்கள் அம்மா.

சேலம் போய் பழைய கேஸ் ஷீட்டின் நகல் வாங்கி, கள்ளக்குறிச்சியில் மனநல டாக்டர் தேவிப்ரியாவிடம் காட்டினேன். ஒரு மணி நேரம் என்னிடம் பேசினார்.

"ரத்தத்துலயோ ஸ்கேன்லயோ தெரியிற நோய் இல்லம்மா இது. கேட்டுக் கேட்டுத்தான் பேரு வைக்கிறோம். மாசக்கணக்கா நீடிச்சாத்தான் இந்தப் பேரு வைப்போம்; பிரசவத்தை ஒட்டி வந்து மூணு வாரத்துல போனதுக்கு இது பொருந்தாது. ஏன் இப்படி எழுதினாங்கன்னா, இங்க பாரு."

'எட்டு மாதங்களாக இதே நிலை. சொன்னவர்: கணவர்' என்று கேஸ் ஷீட்டில் இருந்தது.

அந்த எட்டு மாதமும் சுபஸ்ரீயை வயிற்றில் சுமந்துகொண்டு உங்கள் கடையில் நின்றவள் நான். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று ஊருக்கே சொன்னவள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சேலத்து டாக்டர் எழுதினார். நீங்கள் ஏன் பொய் சொன்னீர்கள்?

செவ்வந்தி

நைனார்பாளையம்
22.02.2025

செவ்வந்தி,

அன்றைக்கு அம்மாதான் முந்திக்கொண்டு, "எட்டு மாசமாவே இப்டித்தாங்க தானா பேசிக்கினு இருக்கா" என்றாள். பிரசவத்தில் நாம் சரியாகக் கவனிக்காததால் வந்த நோய் என்று ஊர் பேசுமோ என்று பயந்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். பிறகு மாற்றிச் சொல்ல வெட்கமாயிருந்தது. போகப் போக அந்தத் தாளை நானே நம்பிவிட்டேன்.

மனுவை வாபஸ் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்துவிடு.

தீனதயாளன்

கச்சிராயபாளையம்
02.03.2025

தீனதயாளனுக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி. கடிதத்தை என் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

நான் வர மாட்டேன். நாளைக்கே மறுபடி குரல் கேட்டால், நானே டாக்டரிடம் போவேன். மருந்து கொடுத்தால் சாப்பிடுவேன். என்னிடம் கேட்டு அவர் என்ன பெயர் வைத்தாலும் சரி. ஆனால் நான் பக்கத்தில் இருக்கும்போதே எனக்கெதிராக ஆமாம் சொன்னவரோடு என்னால் வாழ முடியாது.

இருவரும் சம்மதித்துப் பிரிவதாகப் புது மனு தயாராகிறது. அதில் எந்த நோயின் பெயரும் இல்லை. சுபஸ்ரீ என்னோடுதான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாருங்கள்.

தனியாக வாருங்கள்.

செவ்வந்தி