கோரை மூலையில் மஞ்சள் ஊசித்தட்டான்

ஏனுங்க, காவ்யா அப்பா,

இப்படிக் கூப்பிட்டால் "என்ன அம்மணி" என்று தோப்புக்குள்ளிருந்து உங்கள் குரல் வரும். இனி வராது என்று தெரிந்தும் கூப்பிடுகிறேன். நேற்று நடந்ததை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

உங்களைக் கொண்டுபோன பண்ணைக்குட்டையை நான் இன்னும் மூடவில்லை. மூடினால் கோடையில் தென்னை காய்ந்துபோகும். ஆனால் தண்ணீர் இறங்காமலிருக்கக் குட்டைக்குள் விரித்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மோட்டார் குழாயை அடைத்த பாசியை எடுக்க, செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு இறங்கினீர்கள். உங்களுக்கு நீச்சல் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? வழுக்குகிற ஷீட்டில் பிடித்து ஏற ஒன்றுமே இல்லையே. நான் வந்தபோது கரையில் செருப்பு மட்டும்தான் கிடந்தது.

நேற்றுக் காலையும் கரையில் செருப்பு மட்டும் கிடந்தது. காவ்யாவின் செருப்பு.

உங்கள் மகள் இப்போது காலேஜில் விலங்கியல் படிக்கிறாள். ஊசித்தட்டானைப் படம் எடுக்கிறேன் என்று ஒரு வாரமாகக் குட்டைப் பக்கமே சுற்றுகிறாள். எவ்வளவு திட்டினாலும் கேட்பதில்லை, உங்கள் பிடிவாதம் அப்படியே. செருப்பைப் பார்த்ததும் "ஐயோ, கண்ணு!" என்று கத்தினேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. இத்தனை அமைதியாகத் தண்ணீர் கிடக்கலாமுங்களா?

"கத்தாதம்மா, பறந்துபோயிரும்!"

மழைக்கு மண் சரிந்து, ஷீட்டின் மேல் கோரை முளைத்திருக்கிறதே வடக்கு மூலை, அங்கே குப்புறப் படுத்திருந்தாள். ஓடிப்போய் முதுகில் ரெண்டு வைத்தேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன்.

"தண்ணிக்குள்ள எறங்கவே இல்லீம்மா. சத்தியமா. மண்ணு மேலதான் படுத்திருந்தேன்."

"எதுக்குடி இப்படி உசுரக் குடுக்கறே? அதையக் காட்டு, பாக்கறேன்."

காட்டினாள். தீக்குச்சி பருமன்கூட இல்லை. வால் மஞ்சள் கிழங்கு நிறம், நெஞ்சும் கண்ணும் பச்சை. பெரிய தட்டானைப் போல இறக்கையை விரித்து வைக்காமல் முதுகின் மேல் மடக்கிக்கொள்கிறது. உயரப் பறக்காதாம். குட்டை, வயல் ஓரம், தேங்கின தண்ணீரில் நிற்கும் புல், இவ்வளவுதான் அதற்கு ஊராம். நிறம் மங்கிய பெண்பூச்சி ஒன்று பாசிக்குள் வாலை முக்கி முட்டை வைத்துக்கொண்டிருந்தது. ஆண்பூச்சி தன் வால் நுனியால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே குச்சி மாதிரி நட்டமாக நின்றது.

"முட்ட வெச்சு முடிக்கிற வரைக்கும் உடமாட்டாம்மா," என்றாள்.

அவளுக்கு அது அதிசயம். எனக்கு உங்கள் நினைப்புதான் வந்தது. அந்தப் பூச்சிக்குக்கூடப் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. உங்களுக்கு ஒரு முழக் கயிறு இல்லாமல் போயிற்றே!

இன்று காலை கடை திறந்ததும் வெள்ளகோவில் போய்க் கயிறு வாங்கி வந்தேன். நாலு கரையிலும் தென்னையில் கட்டி, கைக்குத் தோதாக முடிச்சுப் போட்டு, தண்ணீருக்குள் தொங்கவிட்டிருக்கிறோம். என் பாரம் முழுக்கப் போட்டு இழுத்துப் பார்த்தேன். தாங்குகிறது.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இதை எழுதும்போதும் அவள் அதே மூலையில் குப்புறப் படுத்துத்தான் கிடக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் எழுதுகிறேன். இன்னொரு கை அவள் கணுக்காலைப் பிடித்திருக்கிறது. "வலிக்குதும்மா" என்கிறாள். வலிக்கட்டும். அவள் எழுந்து கரையேறுகிற வரைக்கும் விடமாட்டேனுங்க.

குட்டைக் கரையிலிருந்து,
உங்கள் அம்மணி,
காவ்யாவின் அம்மா