கொல்லேன் என்று சொன்ன இயந்திரம்

இன்று காலை ஒரு சின்ன வெப்பமானியை மடிக்கணினியில் செருகினேன். அதைக் கணினிக்குப் புரியவைக்க நானே ஒரு மாட்யூல், அதாவது துணை நிரல், எழுதினேன். இந்த வயதில் வேறு வேலை இல்லையா என்று வீட்டில் கேலி. எல்லாம் முடிந்து பெயர் வைப்பதுதான் பாக்கி. பெயர் என்றதும் நீங்கள் நினைவில் வந்து நின்றுவிட்டீர்கள்.

எழுபதுகளின் கடைசி. பாலக்காட்டுக்குக் கிழக்கே நம் தொழிற்சாலையில் உலையைக் கண்காணிக்க பீரோ உயரத்துக்கு ஒரு கணினி. கல்பாத்தியிலிருந்து நான் வருவேன், கொல்லங்கோட்டிலிருந்து நீங்கள். கணினியின் அடிப்படை நிரலான கர்னலில் ஒரு புதுக் கருவியைச் சேர்க்க வேண்டுமென்றால், முழுக் கர்னலையும் மறுபடி கட்ட வேண்டும். அதுவரை உலை நிற்கும்.

"எதுக்குங்க நிறுத்தோணும்? தனித் துண்டாக் கட்டி, ஓடறப்பவே ஏத்திப் போடலாமுங்க" என்றீர்கள்.

மேலாளர் சிரித்தார். சனிக்கிழமைக்குள் செய்து காட்டாவிட்டால் உங்கள் தற்காலிக வேலை அதோடு முடிந்தது என்றார். நீங்கள் சளைக்காமல் தலையாட்டினீர்கள்.

உலையின் சூட்டைப் படிக்க ஒரு மாட்யூல், படித்ததை அச்சடிக்க இன்னொன்று. பெயர் வைத்தது நீங்கள்: KOLLENGODEHEAT, KOLLENGODEPRINT. ஊர் எதற்கு என்று கேட்டேன்.

"ஊர்ப்பேரு முன்னால நிக்கோணுமுங்க. எம்பேருக்கே அப்படித்தானுங்களே இனிஷியலு."

தனித்தனியே இரண்டும் அழகாக ஏறின. ஆனால் ஒன்று உள்ளே இருந்தால் மற்றது ஏறாது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள், நிரலைத் துளைகளாகப் பதியும் காகித நாடாவை மூன்று தடவை புதிதாகத் துளைத்துப் பார்த்துவிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"போச்சுங்க. திங்கக்கெழம காடு கொத்தற வேலைக்கே போயர்றேன்" என்றீர்கள்.

எரிச்சலில், கணினியின் பதிலை அச்சடிக்கும் டெலிடைப்பின் தாளைக் கிழித்து, அது திரும்பத் திரும்ப அடித்திருந்த வரியைப் படித்தேன். KOLLEN ஏற்கெனவே இருக்கிறது.

"கொல்லேன், கொல்லேன்னு சொல்லிண்டிருக்கே சார் இது" என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். பாதிச் சிரிப்பில் இருவரும் நின்றுவிட்டோம். கணினி முதல் ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுகிறது! ஊர் முன்னால் நின்றதால் இரண்டுக்கும் ஒரே பெயர்.

"ஊரைப் பின்னால தள்ளுங்கோ" என்றேன்.

"அடக் கருமமே, எங்கூரே என்னயக் கவுத்துருச்சுங்களே."

சனிக்கிழமை உலை எரிந்துகொண்டிருக்க, HEAT ஏறியது. PRINT ஏறியது. அச்சுப்பொறி கடகடவென்று சூட்டை அடிக்கத் தொடங்கியது. மேலாளர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது, சேலை தடுக்கும் என்று சும்மா நின்றேன். அடுத்த மாதம் உங்கள் வேலை நிரந்தரமானது. ஆணையில் உங்கள் பெயருக்கு முன்னால் இனிஷியலை விட்டுவிட்டார்கள். நல்லதுதான் என்றீர்கள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டதாக உங்கள் மகன் தொலைபேசியில் சொன்னார். அப்படியா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

இப்போதைய கணினிகள் நீளமான பெயரையும் வெட்டாமல் ஏற்கும். இருந்தும் என் மாட்யூலுக்கு ஆறே எழுத்தில் KOLLEN என்று பெயர் வைத்து ஏற்றினேன். வெப்பமானி உடனே பேசிவிட்டது. பிறகு, வேண்டுமென்றே, அதே மாட்யூலை இன்னொரு முறை ஏற்றினேன்.

கொல்லேன் ஏற்கெனவே இருக்கிறது என்றது.