பிரேக் நாளில் வேலைக்கு வந்த அக்காவுக்கு

ஊசி குத்துமுன்னே சிரிக்க வைத்துவிடும் என் மல்லிகா அக்காவுக்கு,

நம்ம ஆஸ்பத்திரி லேப்புல உங்க இடத்துக்குப் போன வருஷமே ஒரு புதுப்பொண்ணு வந்துடுச்சு. அதுவும் நம்மள மாதிரி டெம்பரரிதான். எனக்குப் பெண் குழந்தை, தவழுறா. நிரந்தர நர்சுக்குச் சம்பளத்தோட பிரசவ லீவு, டெம்பரரி நர்சு எனக்குச் சம்பளமில்லாத பிரேக். ஒரே வார்டு, ஒரே டூட்டி, வயிறு மட்டும் ரெண்டு விதமா அக்கா?

பதினோரு மாசத்துக்கு ஒருதரம் ரெண்டு நாள் வேலையிலிருந்து நிறுத்திப் பிரேக் விட்டாத்தான் நாம நிரந்தரம் கேக்க மாட்டோமாம். போன வருஷம் அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுக்குப் பிரேக். செக்கப் நாள்ங்கிறதால கர்ப்பிணிங்க வெறும் வயித்தோட வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. ரத்தம் எடுக்க ஆளில்லை. டாக்டர் போனை ஸ்பீக்கர்ல போட்டு உங்களைக் கூப்பிட்டார்.

"ரிஜிஸ்டர்ல கையெழுத்து வேணாம்மா, ரத்தம் எடுத்துக் குடுத்துட்டுப் போயிடு."

"லீவு விடறதும் நீங்கதான், லீவுல கூப்பிடறதும் நீங்கதான். வரேங்க சார்."

டாக்டர் பக்கத்தில் நின்ன நானும் சிரிச்சேன். வர்ற வழியில நீங்க அதியமான்கோட்டை தாண்டல. லாரி உங்க வண்டியை அடிச்சிடுச்சு.

இப்ப ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்க தெரியுமா? அன்னைக்கு நீங்க ஊழியரே இல்லையாம். மாலையோட உங்க வூட்டுக்கு வந்து அழுத அதே வாய்தான் சொல்லுது. வேலைக்கு வரும்போது போன உயிர்னு ஒத்துக்கச் சொல்லி உங்க வூட்டுக்காரர் நடையா நடந்து, ஒருவழியா விசாரணை வெச்சிருக்காங்க. சாட்சி நான்.

சூப்பிரண்டு என்னைத் தனியாக் கூப்பிட்டார். "சொந்த வேலையா வந்திருப்பாங்கன்னு சொல்லிடும்மா. உன் பதினோரு மாச ஆர்டரும் முடியப் போவுதில்ல? கைக்குழந்தைக்காரி, பாத்து நடந்துக்க." பிறகு பாப்பாவுக்கு என்ன பேர் வெச்சிருக்கேன்னு பாசமா விசாரிச்சார். அந்த வாயில என் குழந்தை பேரா?

எங்க வூட்டுக்காரரும், "தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடு, செல்வி. வாடகை வூட்ல இருக்கோம்" என்கிறார். அவர் பயம் எனக்கும் இருக்கு. பாப்பா இருமினாலே வேலை போனா என்ன செய்வோம்னுதான் முதல்ல தோணுது.

போன வாரம் பதினோரு மாசம் முடிஞ்சு அந்தப் புதுப்பொண்ணுக்குப் பிரேக். செவ்வாய்க்கிழமை டாக்டர் போனை எடுத்தார். இந்தத் தடவை ஸ்பீக்கர் போடல. வராண்டாவுக்குப் போய்ப் பேசினார். கொஞ்ச நேரத்தில் அவள் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்னா. உங்க சாவிலிருந்து இவங்க கத்துக்கிட்டது இவ்வளவுதானா?

நாளன்னிக்கு விசாரணை. டாக்டர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அன்னைக்குப் போன்ல கேட்டதைக் கேட்டபடி சொல்லுவேன். ஆர்டர் வருமான்னு தெரியல, குரல் நடுங்காதுன்னும் சொல்ல முடியல. ஆனா நீங்க வேலைக்குத்தான் வந்தீங்கன்னு எழுத வைக்காம அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்.

கூடப் பிறக்காத உங்க தங்கச்சி,
செல்வி