ராக்கெட்காரன் ஊர் திரும்பாத ஞாயிறு

ஆவடி,
14.6.93

அன்பு மகன் அமல்ராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர. நீயும் அங்கே சுகமாக இருக்க தினம் ஜெபமாலை சொல்கிறேன். பாடியில் புகுந்த வீட்டில் இருக்கிற உன் தங்கை ஜெயசீலிக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. மாதா கொடியேற்றத்துக்கு நீ வந்துவிடுவாய் என்று உன் கடிதத்தைப் படித்து அப்பா சொன்னதிலிருந்து, என் பிள்ளை வந்த பிறகுதான் குழந்தைக்கு ஞானஸ்நானம், அவன்தான் ஞானத்தகப்பன் என்று சம்பந்தி வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று ராக்கெட் நாடகம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு டிவியில் இந்தியில் வருமே, வேறு கிரகத்துக்குப் போன கேப்டன் கதை, அதுதான். ஆறு மாதமாக ஒரு வாரம் நான் விட்டதில்லை. அதற்காகவே எட்டரை மணிப் பூசையை விட்டு ஆறு மணிப் பூசைக்கு மாறினேன். முழங்கால் வலியோடு விடிகாலையில் வருகிற இந்தத் தாயைப் பாருங்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் என்னைக் காட்டினார். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன், அதையும் பக்தியில் சேர்த்துக்கொண்டார். எனக்கு இந்தியில் ஒரு எழுத்து தெரியாது, இந்த பிளாக்கில் யாருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டு மதுரைவீரனைத் தவிர. பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவர், இப்போது ஃபாக்டரி கேட்டில் செக்யூரிட்டி. நம் வீட்டு நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்து, என் காப்பியை இரண்டு தரம் குடித்து, எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். கேப்டன் வாரா வாரம் ஊருக்குக் கிளம்புவார், வாரா வாரம் ஏதாவது தடங்கல் வரும். நீல முகத்தோடு ஒருத்தி கேப்டன் கூடவே திரிவாள், அது கொழுந்தியாள் என்றார். அந்தக் கிரகத்திலும் சம்பந்தம் வைத்திருக்கிறார்களாக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி வாரமாயிற்றே என்று நேற்று மேல்மாடி தாட்சாயிணியையும் கூப்பிட்டேன். கான்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், அவள் பிறந்து வளர்ந்ததே அங்கேதான், என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை பார். ராக்கெட் கதவு மூடிக் கிளம்பியே போய்விட்டது, கேப்டன் கீழே நின்று கை ஆட்டுகிறார். மதுரைவீரன் அசரவில்லை. "வண்டிய சர்வீசுக்கு வுட்டுக்கீறாருக்கா, அடுத்த வண்டில வந்துடுவாரு" என்றார். தாட்சாயிணி விழித்தாள். "அவரு அப்படிச் சொல்லலியேக்கா, இனிமே இதுதான் என் ஊரு, அம்மாகிட்ட பக்குவமா சொல்லிடுங்கன்னு இல்ல சொல்றாரு" என்றாள். அவள் தன் வீட்டில் முதலிலிருந்தே பார்த்தவளாம். வரப்போவதில்லை என்று ஏழாவது வாரமே முடிவாகிவிட்டதாம். கொழுந்தியாள் கொழுந்தியாளே இல்லையாம், பெண்டாட்டியாம். அடப்பாவி மனுஷா என்று நான் பிடித்துக்கொண்டேன். விசாரித்தால், பட்டாளத்தில் அவர் இருந்தது சமையல்கட்டிலாம், தெரிந்த இந்தி ரொட்டியும் பருப்பும்தானாம். "இன்னாக்கா பண்றது, மொத வாரமே அந்த கேப்டனோட அம்மா அழுவறத பாத்து நீயும் அழுதுகினு இருந்தே. புள்ளய தூரத்துல வுட்டுட்டு கீறியேன்னு, வந்துகினே கீறாருன்னு சொல்லிட்டேன். அப்பால நிறுத்த முடியல" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா பார்க்கிறேன் என்று எழுந்து போனார். காலை பத்து மணிக்கு இந்தக் குவார்ட்டர்ஸில் எந்தக் காலத்தில் தண்ணீர் வந்தது? அப்போதுதான் நான் போய் உன் கடிதத்தைக் கையில் எடுத்தேன்.

உன் கடிதம் மூன்று பக்கம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடித்து அனுப்புகிறாய், தமிழில் எழுத துரைக்கு நேரமில்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். படித்துவிட்டு, சுகமாக இருக்கிறானாம், கொடியேற்றத்துக்கு வருகிறானாம், முறுக்கு கேட்கிறானாம் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். மூன்று பக்கத்துக்கு இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றவில்லை. முறுக்கை நீ என்றைக்குத் தொட்டிருக்கிறாய், அதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை கண்ணு. கேட்டால் பாவம் இன்னொரு கதை கட்ட வேண்டும், மதுரைவீரனுக்கு இருக்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. தாட்சாயிணிக்கு இங்கிலீஷும் தெரியும். கடிதத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினேன், பாதியில் திரும்பிவிட்டேன். என் பிள்ளை வரமாட்டான் என்றால் அதை அடுத்த வீட்டுப் பெண் வாயால் நான் கேட்க வேண்டாம்.

நீயே சொல்லு. தமிழில், உன் கையால், எனக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தாக எழுது. வருவதாக இருந்தால் வருகிறேன் என்று எழுது, இல்லை என்றால் இல்லை என்று எழுது. அழுவேன்தான், அழுதுவிட்டு எழுந்து உலை வைப்பேன். குழந்தைக்கு வேறு ஞானத்தகப்பன் பார்க்க வேண்டுமானால் அதையும் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பக்குவமாகச் சொல்ல ஆள் வைக்காதே.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ஜெபத்தை விடாதே. உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள், மாதா உன்னைக் கைவிட மாட்டாள். உன் பழைய கவரைப் பார்த்து விலாசத்தை நானே எழுத்து எழுத்தாக வரைந்திருக்கிறேன், கோணலாக இருந்தால் சிரிக்காதே. பதில் போடும்போது கவரின் மேல் அப்பா பெயர் வேண்டாம், என் பெயரை எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
சூ. சகாயம்மாள்